பூனைக்கண்ணன்

பத்மராணியின் வீட்டில் மீன் வாடை இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள், பிறந்ததிலிருந்து மீனே தின்னாத ஜலஜாதான்.

"என்ன பத்மா, ஆச்சரியமா இருக்கே! நாலு நாளா மூக்கைப் பொத்திக்காம உங்காத்துக்குள்ள வரேன். உங்காத்துக்காரர் ஃபிஷிங்கை விட்டுட்டாரா?"

சோபாவில் இடப்பக்கம் சரிந்து படுத்திருந்த பத்மராணி தலையை மட்டும் தூக்கினாள். "ஆர் சொன்னது? ஒவ்வொரு நாளும் பின்னேரம் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போறார்."

"போறாரா? அப்ப மீன் எங்கே?"

கேள்வி சின்னது. பத்மராணி குசினிப் பக்கம் பார்த்தாள்.

ஏழாவது மாதம். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது என்று டாக்டர் அவளைப் படுக்கையில் போட்டுவிட்டார். பாத்ரூமுக்கு நடக்கலாம், அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு முன் ஆறாம் மாதத்தில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். ஆகவே டாக்டர் சொன்னதை அவளைவிட அவள் கணவன் தியாகராஜா பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டான். சோபாவைக் குசினிக்கு நேரே இழுத்துப் போட்டு, சமையல், பாத்திரம், உடுப்பு எல்லாவற்றையும் தானே ஏற்றுக்கொண்டான். தண்ணீர் கம்பெனி ஒன்றில் எஞ்சினியர். அங்கே மூன்று மணிக்கு வேலை முடியும். டெலவேர் ஆறு வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரம்.

ஜூன் மாதம் அவனுக்குத் திருவிழா. முட்டையிட்டு முடித்த வால்ஐ மீன்கள் ஆழமான மடுக்களில் வந்து தங்கும் காலம். பொழுது சாயும்போது கரையோரக் கற்களுக்கு இரை தேடி ஏறும். வெளிச்சம் பட்டால் பளிங்குபோல மின்னுகிற கண். முதன்முதல் அவன் ஒன்றைக் கொண்டுவந்து டார்ச் அடித்துக் காட்டியபோது, "ஐயோ, பூனைக்கண்ணன்!" என்று பத்மராணி கத்தினாள். அந்த வீட்டில் அதுவே பெயராகிவிட்டது. போன வருடம் இதே மாதம் ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் வைக்க இடம் இருக்கவில்லை.

இந்த வருடம்?

"ஆறு கலங்கலாம். மேலே நியூயார்க் பக்கத்து ரிசர்வாயரிலயிருந்து தண்ணி திறந்து விட்டிட்டாங்களாம். மீன் கடிக்குதில்லையாம்" என்றாள் பத்மராணி.

"ம்ம்." ஜலஜா கொண்டுவந்த தயிர்சாத டப்பாவை டீப்பாயில் வைத்தாள். "தாடி வேற வளக்கறார் போலிருக்கு. காலைல பார்த்தேன். ஹலோன்னா திரும்பிக்கூடப் பார்க்கலை. நேத்து உங்களுக்கு நாலு தடவை கால் பண்ணேன். ரிங் போறது, யாரும் எடுக்கலை."

"ஃபோன் ரிப்பேர். கழட்டிக் காரிலை போட்டுக்கொண்டு போயிட்டார்."

"ரிப்பேர்னா ரிங்கே போகாதே பத்மா!"

இருவரும் சோபாவின் தலைமாட்டைப் பார்த்தார்கள். சுவரில் டெலிபோன் செருகும் துளை மட்டும் வெறுமனே இருந்தது.

"நான் சொன்னேன்னு தப்பா எடுத்துக்காதீங்கோ" என்று ஆரம்பித்தாள் ஜலஜா. அப்படி ஆரம்பித்தால் அவள் தப்பாக எடுத்துக்கொள்ளும்படி எதையாவது சொல்லத்தான் போகிறாள். "எங்காத்து சுந்தரராமன் ஆபீஸ்ல ஒருத்தர் இப்படித்தான். ஜாகிங் போறேன் ஜாகிங் போறேன்னு சொல்லிண்டிருந்தார். ஷூவைப் பார்த்தா ஒரு தூசு இல்லே!"

"சும்மா இருங்கோ ஜலஜா."

"நான் சும்மாதான் இருக்கேன். ஷூவைப் பாருங்கோன்னு மட்டும் சொல்றேன்."

* * *

அன்று அவன் வரும்போது இருட்டி விட்டிருந்தது. தூண்டிலைப் பின்வாசல் சுவரில் சாய்த்துவிட்டு நேராகக் குளியலறைக்குப் போனான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

பத்மராணி எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தாள்.

சப்பாத்தில் சேறு இருந்தது. நல்ல சேறு, ஆற்றங்கரைச் சேறு. ஜலஜா தோற்றாள் என்று ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. பிறகு தூண்டில் நரம்பைத் தொட்டாள். காய்ந்து கிடந்தது. ஊசி கொழுவிய இடத்திலேயே, கைப்பிடிக்கு மேலுள்ள வளையத்தில், அசையாமல் இருந்தது. போன ஞாயிறு அவள் பார்த்த அதே முடிச்சு.

ஆற்றுக்குப் போயிருக்கிறான். தூண்டில் போடவில்லை.

திரும்பி வந்து படுத்துக்கொண்டாள். டாக்டர் கேட்டால் திட்டுவார்.

தியாகராஜா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். கண் சிவந்திருந்தது.

"கண் என்னப்பா?"

"பொலன். ஜூன் மாசமல்லோ. கார் முழுக்க மஞ்சள் பொடி."

"மீன்?"

"ஆறு கலங்கல் எண்டு சொன்னனே. இருமன், புட்டு அவிக்கிறன். கத்தரிக்காய்ப் பால்கறி கிடக்கு."

"நேற்றும் கத்தரிக்காய். முந்தநாள் பருப்பு. கடையிலையாவது ஒரு மீன் வாங்கக் கூடாதே? வாய் செத்துப் போச்சு."

"உமக்கு பிரஷர். மச்சம் வேண்டாம்."

"டாக்டர் உப்பைத்தானே குறைக்கச் சொன்னவர்? மீனை ஆர் வேண்டாமெண்டது?"

அவன் மாவைக் கொத்தத் தொடங்கினான். குசினி மேடையில் மச்சச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. மீன் சமைப்பதற்கென்றே அவர்கள் தனியாக வைத்திருக்கும் மண்சட்டி. யாழ்ப்பாணத்திலிருந்து பத்மராணியின் தம்பி தர்மராசா உடுப்புகளுக்கு நடுவில் சுற்றி அனுப்பியது. அது இப்போது தேய்த்துக் கழுவி, சாமிப் பாத்திரம்போல மினுங்கிக்கொண்டு கிடந்தது.

பத்மராணிக்கு இன்னொரு விஷயம் ஞாபகம் வந்தது. போன வருடம் இதே மேடையில் நின்றுகொண்டு இவன்தானே பாடம் நடத்தினான்? "மற்ற மீன் மாதிரி இல்லைப் பத்மா. இதுக்கு வெளிச்சம் பிடிக்காது. தெளிஞ்ச தண்ணியெண்டால் பகல் முழுக்கப் பள்ளத்துக்குள்ளை ஒளிச்சிருக்கும். தண்ணி கொஞ்சம் கலங்கினால் கொண்டாட்டம். பட்டப்பகலிலையும் வந்து கடிக்கும்."

கலங்கினால் கொண்டாட்டம். இப்போது கலங்கலால் கடிக்கவில்லை.

பத்மராணி புட்டுக் கோப்பையை டீப்பாயில் தள்ளி வைத்தாள்.

* * *

வியாழக்கிழமை திரேசா வந்தாள். பத்மராணியை விட்டால் பத்து மைல் சுற்றுவட்டாரத்தில் இருந்த ஒரே யாழ்ப்பாணத்துப் பெண். நாற்பத்தைந்து வயது, ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வந்தால் வீடு அதிரும். வாசலிலேயே "பிளேன் டீ போடுங்கோ, தொண்டை காயுது" என்று கத்திக்கொண்டு வருகிறவள், இன்று மெதுவாகக் கதவைத் திறந்து வந்து, குனிந்து பத்மராணியைக் கட்டிக்கொண்டாள். விடவில்லை.

"என்னக்கா, மூச்சு முட்டுது!"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. மெலிஞ்சு போனீர்." பிரஷர் பார்த்தாள். நாடியைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். "கூடத்தான் நிக்குது. மனதைச் சும்மா வைச்சிரும்."

"எப்பிடிச் சும்மா வைக்கிறது? இவர் ஒரு மாதிரி இருக்கிறார் அக்கா. உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

திரேசாவின் விரல் நாடியிலிருந்து நழுவியது. "எனக்கென்ன தெரியும்? ஆம்பிளையள் பிள்ளை பிறக்கிற நேரம் அப்பிடித்தான்."

"டீ குடியுங்கோ. இவர் போடுவார்."

"வேண்டாம், வேண்டாம். இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்."

பிளாஸ்க் கணக்கில் டீ குடிக்கிற திரேசா! அவள் குசினிப் பக்கம் போனாள். தியாகராஜா தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னான். திரேசா அதைவிடத் தாழ்ந்த குரலில் பதில் சொன்னாள். படுத்திருந்த இடத்திலிருந்து பத்மராணிக்கு ஒரு துண்டு மட்டும் தெரிந்தது: தியாகராஜாவின் தோளில் திரேசாவின் கை.

"இன்னும் எத்தினை நாளைக்கு மறைப்பீங்கள்?" அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

பிறகு கால் சத்தம். முன்கதவு திறந்து மூடியது. கார் கிளம்பியது. 'போட்டு வாறன்' என்று ஒரு வார்த்தை சொல்லாமல் திரேசா போய்விட்டாள்.

பத்மராணி கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். திரேசா அக்காவா? கல்யாண நாளில் தனக்குச் சேலை உடுத்திவிட்ட திரேசா அக்காவா? சீ என்று நினைத்தாள். மறுபடியும் நினைத்தாள். கையைப் பார்த்தது கண். வார்த்தையைக் கேட்டது காது. இரண்டையும் எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

அந்த இரவு வடக்கே மலைப்பக்கம் இடி இடித்தது. விடியும்வரை மின்னல் ஜன்னலில் தெரிந்துகொண்டே இருந்தது.

* * *

"உங்களை நான் டிரைவ் பண்ணி அழைச்சிண்டு போறதாவது! டாக்டருக்குத் தெரிஞ்சா என்னைத்தான் ஜெயில்ல போடுவா" என்றாள் ஜலஜா. சொல்லிக்கொண்டே ஸ்டேஷன் வேகனின் பின்சீட்டில் தலையணை அடுக்கினாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணி. ஆற்றங்கரை ரோட்டில் போகும்போது பத்மராணி ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்தாள். பால் அதிகம் விட்ட தேத்தண்ணீர்போல ஆறு ஓடியது. மரக்கொம்புகள் மிதந்து போயின. கரையில் ஒரு தூண்டில்காரனும் இல்லை.

"நிஜமாவே கலங்கித்தான் இருக்கு பத்மா. பாவம், மனுஷன் பொய் சொல்லலை போலிருக்கு."

பாலத்தடியில் புழுவும் சின்ன மீனும் விற்கிற ஃப்ராங்கின் கடை இருந்தது. தியாகராஜாவுக்கு ஐந்து வருடப் பழக்கம். ஜலஜா போய் அவரைக் கார் ஜன்னலுக்கே கூட்டிக்கொண்டு வந்தாள். சிவந்த கழுத்து, பெரிய வயிறு, வாயில் பற்ற வைக்காத சுருட்டு.

பத்மராணி ஆங்கிலத்தில் கேட்டாள். வாரம் முழுக்க ஆறு இப்படியா கலங்கிக் கிடந்தது?

ஃப்ராங்க் சிரித்தார். இது நேற்று ராத்திரி மழையில் வந்தது, அதோடு மேலே அணையிலும் திறந்து விட்டிருக்கிறார்கள் என்றார். நேற்றுவரை தண்ணீர் பால் விடாத தேத்தண்ணீர்போல இருந்தது. வால்ஐக்கு அதைவிட நல்ல தண்ணீர் இந்த வருடம் வரவில்லை. சின்னப் பையன்கள்கூட ஆளுக்கு இரண்டு தூக்கிக்கொண்டு போனார்கள்.

"என் கணவர்?"

ஃப்ராங்கின் சிரிப்பு நின்றது. "உங்கள் கணவர் ஒவ்வொரு நாளும் வந்தார். ஒரு புழு வாங்கவில்லை. அந்தப் பாறையில் போய் உட்காருவார். இருட்டினதும் போய்விடுவார். தனியாகத்தான். நான் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். பேசவில்லை."

தனியாகத்தான். ஜலஜா பத்மராணியைப் பார்த்தாள்.

"ஆனால் இன்றைக்குக் காலையில், ஆறு நாசமாகிப் போன பிறகு, ஓடி வந்து கேட்கிறார். 'நாளைக்கு எனக்கு ஒரு வால்ஐ வேணும். எப்படியாவது வேணும். ஒன்று போதும்.' கடையில் உறைந்த மீன் இருக்கிறது, அதை வாங்கிக்கொண்டு போ என்றேன். வேண்டாம், நானே பிடிக்க வேண்டும் என்கிறார். அப்படியானால் ஆற்றை மறந்துவிட்டு மேலே ரிசர்வாயருக்குப் போ, அணைச் சுவருக்குக் கிட்ட கருங்கல் போட்டிருக்கிற இடத்தில் விடியுமுன் நில், சின்ன மீனைக் கொழுவி அடியோடு மெதுவாக இழு என்று சொல்லி அனுப்பினேன். ஒரு டசன் வாங்கிக்கொண்டு போனார்."

"நாளைக்கு என்ன?" என்றாள் ஜலஜா, காரைத் திருப்பும்போது. "உங்க கல்யாண நாளா? பர்த்டேவா?"

"ஒண்டுமில்லை."

"அப்ப யாருக்கு அந்த மீன்?"

பத்மராணி வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். உள்ளே பிள்ளை ஒருமுறை உதைத்தது. "அதைத்தான் நாளைக்குப் பாக்க வேணும்" என்றாள்.

* * *

சனிக்கிழமை விடியுமுன்னே கார் போன சத்தம் கேட்டது. பதினொரு மணிக்குத் திரும்பி வந்தது.

தியாகராஜா ஈரக் காற்சட்டையோடு குசினிக்குள் வந்தான். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரே ஒரு மீன். பிரித்தபோது ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் கண் பளிச்சென்றது. இரண்டு அடி இருக்கும்.

"ரிசர்வாயருக்குப் போனனான்" என்று அவனே சொன்னான். "முதல் கடிச்சது சின்னன். அளவு காணாது எண்டு திரும்ப விட்டிட்டன். பிறகு வெய்யில் ஏறுது, ஏறுது, ஒண்டும் இல்லை. இனிப் போவம் எண்டு தூண்டிலை இழுக்கேக்கை இது கல்லு மாதிரிப் பாரமாய் நிண்டது."

நாலைந்து நாளில் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"நல்ல மீன்" என்றாள் பத்மராணி. "ஆருக்கு?"

"ஆருக்கெண்டால்... எங்களுக்குத்தான்."

"எனக்கு மச்சம் வேண்டாமெண்டு சொன்னீங்கள்."

"இண்டைக்குச் சாப்பிடலாம்."

இன்றைக்கு மட்டும் பிரஷருக்கு என்ன லீவா? அவள் கேட்கவில்லை. தலையணையை முதுகுக்கு வைத்து எழுந்து உட்கார்ந்து அவனைப் பார்த்தாள். போலீஸ்காரன் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அவன் குளித்துவிட்டு வந்தான். மச்சச் சட்டியை நிமிர்த்தினான். மீனை வெட்டினான். தலையைப் பிளக்கவில்லை, முழுதாக எடுத்துத் தனியே வைத்தான். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம். யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் போத்தலின் அடியைச் சுரண்டிப் போட்டான். புளி கரைத்துவிட்டான். சட்டி கொதித்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் மீன் வாடை எழுந்தது.

கொதி அடங்கி எண்ணெய் மேலே பிரிந்தது. அகப்பையால் கிளறினான். கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டான். வெந்த தலையை ஒரு கோப்பையில் எடுத்து வைத்தான். அடுப்பை அணைத்தான். மூடினான்.

பத்மராணிக்கு என்னவோ இடறியது. என்ன?

தியாகராஜா மோசமான சமையல்காரன். உப்பில் அவனுக்கு நம்பிக்கையே கிடையாது. அகப்பையிலிருந்து உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சுவான். ஒரு கறிக்குப் பத்துத் தரம். "கறி இறக்க முதல் அரைச் சட்டி முடிஞ்சு போகும்" என்று அவள் கேலி செய்வாள். நேற்று வைத்த பருப்புக்குக்கூட உள்ளங்கை சிவக்க உறிஞ்சினான்.

இன்று ஒரு துளி ஊற்றவில்லை. குனிந்து மணக்கக்கூட இல்லை. சட்டிக்கு மேலே முகம் போகாமல், தலையைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு சமைத்தான்.

"உப்புப் பாத்தனீங்களோ?" என்று கேட்டாள்.

அவன் திரும்பவில்லை. "சரியாயிருக்கும்."

படையலுக்குச் சமைக்கிறவர்கள்தான் ருசி பார்க்க மாட்டார்கள்.

சாமிக்கு மீன் படைப்பதில்லை. மீன் படைப்பது செத்தவர்களுக்கு. செத்த வீட்டில் ஒரு கிழமை மச்சம் காய்ச்சாமல் இருந்து, எட்டாம் நாள் போனவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். எட்டுச்செலவு.

அப்போது எல்லாம் வரிசையாக வந்து நின்றது. கவிழ்த்து வைத்த மச்சச் சட்டி. சவரம் செய்யாத முகம். யார் கூப்பிட்டாலும் எடுக்க முடியாதபடி கழற்றிய டெலிபோன். ஒரு வாய் டீ குடிக்காத திரேசா. செத்த வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் 'போட்டு வாறன்' என்று சொல்வதில்லை. திரேசா அக்கா செத்த வீட்டுக்குத்தான் வந்திருக்கிறாள். அது செத்த வீடு என்று அதில் படுத்திருந்தவளுக்கு மட்டும் தெரியவில்லை.

யார்?

அம்மா மீன் தொடுவதில்லை. அப்பா போய்ப் பத்து வருடம். தியாகராஜாவின் வீட்டில் பூனைக்கண்ணன் என்றால் யாருக்கும் தெரியாது. அந்த மீனின் போட்டோவைப் பார்த்துவிட்டு, வருடப்பிறப்பன்று கொழும்பிலிருந்து ஃபோன் எடுத்து, "பண்ணைப் பாலத்திலை நானும் எத்தினை வருசம் தூண்டில் போட்டிருக்கிறன், இப்பிடி ஒரு கண் காணேல்லை. அத்தான், நான் வந்தால் கடை மீன் தரக்கூடாது. உங்கடை கையாலை பிடிச்சுத் தரவேணும். தலை எனக்கு!" என்று கத்தியவன் ஒருவன்தான்.

தலை மேடையில் ஒரு கோப்பையில் தனியே, முழுதாக, வெந்து கிடந்தது.

தியாகராஜா மேலே அலுமாரியிலிருந்து வாழையிலை ஒன்றை எடுத்தான். ஐசலின் ஊர் இந்தியக் கடையில் வாங்கி ஒளித்து வைத்திருக்க வேண்டும். அதைத் துடைத்தான்.

"எப்ப?" என்றாள் பத்மராணி.

அவன் இலையோடு அப்படியே நின்றான்.

"கேக்கிறனல்லோ. தம்பிக்கு எப்ப?"

"தம்பியெண்டு... ஆர் சொன்னது? திரேசா அக்காவோ?"

"நீங்கள்தான். உப்புப் பாக்காமல் சொன்னீங்கள்."

அவன் வந்து சோபாவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தான். லண்டனிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் ஆபீசுக்கு ஃபோன் எடுத்ததைச் சொன்னான். யாழ்ப்பாணத்தில் சந்தைக்குக் கிட்ட ஷெல் விழுந்தது. சைக்கிளில் வந்துகொண்டிருந்தவன். அந்த இடத்திலேயே. அம்மா சித்தப்பா வீட்டில் இருக்கிறா. சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

"உமக்குச் சொன்னால் உம்மையும் பிள்ளையையும் சேர்த்துப் பறிகுடுத்திடுவன் எண்டு பயந்திட்டன். பிள்ளை பிறந்த பிறகு சொல்லுவம் எண்டு நினைச்சன். வீட்டிலை அழேலாது. அதுதான் ஆத்துக்குப் போனனான்."

"ஒரு கிழமை எனக்கு மரக்கறி தந்தது?"

"உம்மடை தம்பியல்லோ. தெரியாமல் மீன் திண்டுபோட்டன் எண்டு பிறகு நீர் கிடந்து அழக்கூடாது. நீர் அறியாட்டிலும் செத்த வீட்டுத் துடக்கு நடக்கட்டும் எண்டு நினைச்சன்."

பத்மராணி அழவில்லை. வாயைத் திறந்து மூச்சு விட்டாள். இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு, எண்ணி எண்ணி விட்டாள். தியாகராஜா பயந்துபோய் அவள் முகத்தையே பார்த்தான். திரேசாவுக்கு ஃபோன் பண்ண எழுந்தான். ஃபோன் காரில் இருப்பது ஞாபகம் வந்து வாசலுக்கு ஓடினான்.

"பிறகு எடுக்கலாம். இஞ்சை வாங்கோ." அவள் குரல் வேறு யாருடையதோபோல இருந்தது. "என்னைப் பிடியுங்கோ. எழும்ப வேணும்."

"டாக்டர்..."

"நாலு அடிதானே."

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மேடைவரை வந்தாள். சட்டியின் மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடிக்காமல் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கறியின் நிறத்தை மட்டும் பார்த்தாள். அப்போதுதான் கண்ணீர் வந்தது. சட்டிக்குள் விழாமல் முகத்தைத் திருப்பி, புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"வெளிறிக் கிடக்கு. அவனுக்குப் புளி உறைக்க வேணும். இப்பிடி வைச்சால் அம்மாவோடை சண்டை பிடிப்பான். இன்னும் ஒருக்காக் கரைச்சு விடுங்கோ."

தியாகராஜா புளியைக் கரைத்தான். அவள் சொல்லச் சொல்ல ஊற்றினான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், காணும். சட்டி மறுபடி கொதித்தது. அவள் இலையை விரித்துத் தலையை நடுவில் வைத்தாள்.

புளி சரியோ என்று பார்க்க இருவரில் யாரும் உள்ளங்கையை நீட்டவில்லை.